ஆல்பாவில் மூன்று நாள்: வெள்ளை ட்ரஃபிளும் பரோலோவும், கார் இல்லாமல். திட்டம் சரிதானா?

நாடோடி77

எல்லோருக்கும் வணக்கம். அக்டோபர் கடைசி வாரம் இத்தாலியில டுரின் வழியாக ஆல்பா போறோம், நாலு பேர். வெள்ளி மதியம் இறங்கி திங்கள் காலை கிளம்பணும். ஒருத்தர் சைவம், முட்டை சாப்பிடுவாங்க. யாரும் கார் ஓட்டப் போறதில்லை.

இப்போ போட்டு வச்சிருக்கிற கணக்கு: சனிக்கிழமை நாலு வைனரி, அதாவது ஒயின் தயாரிக்கிற இடம் (பரோலோ, லா மோர்ரா, செர்ரலுங்கா, பார்பரெஸ்கோ ஊர்கள்ல ஒவ்வொண்ணு). ஞாயிறு ட்ரஃபிள் (மண்ணுக்கடியில விளையற வாசனைக் காளான்) சந்தை. ஒரு ட்ரஃபிள் வாங்கி ஊருக்குக் கொண்டுபோற ஆசையும் இருக்கு. எது சரி, எது தப்புன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

திராட்சைக்கொடி

நாலு வைனரி என்பதை முதலில் இரண்டாக்குங்கள். ஒரு வைனரியில் பாதாள அறை, மரப்பீப்பாய்கள், ருசி பார்த்தல் எல்லாம் சேர்ந்து ஒன்றரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் ஆகும். ஒவ்வொரு இடத்திலும் 4 அல்லது 5 ஒயின் ஊற்றுவார்கள். ஒன்றுக்கு 50 மில்லி என்று வைத்தால் 250 மில்லி, அதாவது ஒரு பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு. பரோலோ ஒயினில் ஆல்கஹால் குறைந்தது 13 சதவீதம், பெரும்பாலும் 14க்கு மேலே இருக்கும். மூன்றாவது இடத்தில் நாக்கு மரத்துப்போகும், நாலாவது இடத்தில் எதைக் குடித்தோம் என்றே நினைவிருக்காது. எல்லா வைனரியிலும் துப்புவதற்கு ஒரு பாத்திரம் வைத்திருப்பார்கள். அதில் துப்புவது மரியாதைக் குறைவு இல்லை. அங்கே தொழில் செய்பவர்கள் எல்லோரும் துப்புகிறவர்கள்தான்.

இன்னொன்று, முன்பதிவு இல்லாமல் கதவைத் தட்ட முடியாது. பல இடங்கள் ஒரே குடும்பம் நடத்துபவை. பரோலோ செய்யும் நெபியோலோ தாமதமாகப் பழுக்கும் திராட்சை, அறுவடையே அக்டோபரில்தான். அக்டோபர் கடைசியில் சாறு நொதித்துக்கொண்டிருக்கும், வீட்டில் எல்லோரும் தொட்டியடியில்தான் நிற்பார்கள். அதனால் சில இடங்கள் அந்த மாதம் ஆட்களையே எடுப்பதில்லை. குறைந்தது நாலைந்து வாரம் முன்பே மின்னஞ்சல் அனுப்புங்கள். எத்தனை பேர், எந்த மொழி, எத்தனை மணி என்று மூன்றும் அதில் இருக்கட்டும். வர முடியாமல் போனால் கட்டாயம் தெரிவியுங்கள். உங்களுக்காக ஒருவர் வேலையை விட்டு நிற்பார்.

ரயில்பிரியன்

போக்குவரத்தைப் பொறுத்தவரை:

டுரினிலிருந்து ஆல்பாவுக்கு நேரடி வட்டார ரயில் உண்டு. கார்மன்யோலா, கவல்லெர்மஜோரே, ப்ரா வழியாகப் போகும். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். முன்பதிவு கிடையாது, இருக்கை எண் கிடையாது. காகித டிக்கெட் வாங்கினால் ஏறும் முன் நடைமேடையில் இருக்கும் சிறு இயந்திரத்தில் முத்திரை குத்தணும். மறந்தால் டிக்கெட் கையில் இருந்தும் அபராதம்தான். செல்பேசியில் வாங்கினால் செக்-இன் செய்யணும்.

ஆல்பா வரைக்கும் சுலபம், அதுக்கப்புறம்தான் சிக்கல். பரோலோ, லா மோர்ரா பக்கம் பேருந்து குறைவு. பள்ளிக்கூட நேரத்தை ஒட்டி ஓடும், ஞாயிறு அதை நம்பவே கூடாது. டாக்ஸியும் தெருவில் கை காட்டி நிறுத்துகிற மாதிரி கிடையாது. நாலு பேர் என்பதால் ஓட்டுநரோடு ஒரு காரை அரை நாளுக்குப் பேசிக்கொள்ளுங்கள். அங்கே அதை என்.சி.சி. என்பார்கள். தொகையை முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், காத்திருப்பு நேரமும் அதில் சேர்த்தியா என்று கேளுங்கள்.

ஓட்டாமல் இருப்பது நல்ல முடிவு. இத்தாலியில் இரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராமுக்கு மேல் ஆல்கஹால் கூடாது. 21 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கும், உரிமம் வாங்கி மூன்று வருடம் ஆகாதவர்களுக்கும் பூஜ்யம். பழைய நகரத்துக்குள் இசட்டிஎல் (வெளிக் கார்களுக்குத் தடையுள்ள பகுதி) பலகை தாண்டினால் கேமரா எண்ணைப் பிடித்துவிடும். அபராதம் மாதக்கணக்கில் கழித்து வாடகைக் கார் நிறுவனம் வழியாக வந்து சேரும்.

அடுப்படி

நாடோடி தம்பி, சைவம் பற்றி நான் சொல்றேன். ஆல்பா இருக்கிற பியட்மாண்ட் வட்டாரச் சமையல் மாட்டிறைச்சி, வெண்ணெய், முட்டை மூணையும் நம்பி நிற்கிறது. பட்டியலில் சைவம் மாதிரி தெரியும், ஆனா இருக்காது. அதுதான் ஆபத்து.

தயரின்: ஊசி மாதிரி மெல்லிய முட்டை நூடுல்ஸ். ஒரு கிலோ மாவுக்கு 30 மஞ்சள் கரு, சில வீடுகளில் 40 வரைக்கும் போடுவாங்க. வெள்ளைக் கரு சேராததால நிறமே தாழம்பூ மாதிரி இருக்கும், கொதிநீரில் ஒன்றிரண்டு நிமிஷத்துல வெந்துடும். இதை வெண்ணெயும் சேஜ் இலையும் போட்டுக் கேட்டா சைவம். ஒண்ணும் சொல்லாம ஆர்டர் பண்ணினா இறைச்சிக் குழம்போட வரும். "ஆல் புர்ரோ" (வெண்ணெயில்) என்ற வார்த்தையை மனப்பாடம் பண்ணிக்கச் சொல்லுங்க.

அன்யலோத்தி தெல் ப்ளின்: விரலால கிள்ளி மூடின சின்னப் பொட்டலம். உள்ளே பெரும்பாலும் வறுத்த இறைச்சி. "ப்ளின்" என்றாலே அந்த ஊர்ப் பேச்சில் கிள்ளு. வெண்ணெய் சாஸில் வந்தாலும் உள்ளே இறைச்சிதான், ஏமாற வேண்டாம்.

ரிசோத்தோ: சாறுல குழைய வேக வைக்கிற அரிசி. காய்கறி ரிசோத்தோன்னு எழுதியிருந்தாலும் வேக வைக்கிறது இறைச்சிச் சாறுலதான் இருக்கும். "ப்ரோதோ வெஜெத்தாலே"வா (காய்கறிச் சாறா) என்று கேட்கணும்.

பாஞ்ஞா காவ்தா: வெறும் பூண்டு எண்ணெய்க் குழம்பு மாதிரி தெரியும். அதில் நெத்திலி கரைஞ்சிருக்கும்.

பன்னா கோத்தா என்கிற கிரீம் இனிப்பில் ஜெலட்டின் இருக்கும். அதுக்குப் பதிலா ஹேசல்நட் கேக் எடுக்கச் சொல்லுங்க. ஆல்பாவைச் சுத்தியுள்ள லாங்கே மலையோட "தோந்தா ஜென்தீலே" கொட்டை, பக்கத்துல மஸ்காட்டோ ஒயின்ல அடிச்ச ஸபயோனே (மஞ்சள் கரு, சர்க்கரை கிரீம்). அந்த ஊரை ஒரே தட்டுல காட்டணும்னா இதுதான்.

சீஸ் பற்றி: பார்மிஜானோ உட்பட இங்கே உள்ள பழைய சீஸ்களில் பாலை உறைய வைக்கிறது கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கிற பொருள்தான். அதைத் தவிர்க்கிறவரா இருந்தா முன்னாடியே சொல்லிடுங்க.

வடகரை

அடுப்படி அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ட்ரஃபிளுக்கு மிகச் சிறந்த துணை முட்டைதான், இறைச்சி இல்லை. பொரித்த முட்டை, வெண்ணெயில் புரட்டிய தயரின், ஃபொந்தீனா சீஸ் உருக்கிய ஃபொந்தூத்தா இந்த மூன்றிலும் வாசனையைப் பிடித்துவைக்கும் கொழுப்பு இருக்கிறது, அதை அமுக்கும் மசாலா எதுவும் இல்லை. ஆக, அந்தச் சைவ நண்பருக்குத்தான் நல்ல தட்டு கிடைக்கப்போகிறது.

உணவகத்தில் ட்ரஃபிளை ஒரு தட்டுக்கு இவ்வளவு என்று விற்கும் இடமும் உண்டு, கிராம் கணக்கில் விற்கும் இடமும் உண்டு. கிராம் கணக்கு போடும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். பரிமாறுபவர் முழு ட்ரஃபிளைச் சிறு தராசில் வைத்து எடையைக் காட்டுவார். பிறகு தட்டுக்கு மேலே பிடித்துச் சீவியில் தேய்ப்பார். வெளிர் பழுப்பில், வெள்ளை நரம்போடிய சீவல்கள் சூடான வெண்ணெய் மேலே விழுந்த நொடியில் வாசனை கிளம்பும். "பஸ்தா" என்று நீங்கள் சொல்லும்வரை கை நிற்காது. இத்தாலிய மொழியில் அதற்கு அர்த்தம் "போதும்". மறுபடி தராசில் வைப்பார். குறைந்த கிராமுக்குத்தான் காசு. ஒருவருக்கு 7 முதல் 10 கிராம் தாராளம். கிராம் 5 யூரோ என்றால் பத்து கிராமுக்கு 50 யூரோ, தட்டின் விலை தனி. சீவ ஆரம்பிக்கும் முன்பே "இத்தனை கிராம்" என்று சொல்லிவிட்டால் கடைசியில் அதிர்ச்சி இருக்காது.

வெள்ளை ட்ரஃபிளைச் சமைக்கக் கூடாது. சூட்டில் வாசனை பறந்துவிடும். சமைத்து வருகிறது என்றால் அது வேறு ரகம், அல்லது ட்ரஃபிள் எண்ணெய். கடைகளில் வரிசையாக நிற்கும் அந்த எண்ணெய்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது ஆய்வகத்தில் செய்த ஒரே ஒரு வாசனை மூலக்கூறு. உண்மையான ட்ரஃபிளில் அதோடு இன்னும் பல சேர்ந்திருக்கும். அந்தக் காசுக்கு இன்னொரு தட்டு தயரின் சாப்பிடலாம்.

நாடோடி77

ரொம்ப நன்றி. அப்போ சந்தையில் ட்ரஃபிள் வாங்குவது எப்படி? அரிசியில் போட்டு வச்சா கெடாதுன்னு ஒரு இடத்தில் படிச்சேன்.

வடகரை

அரிசி வேண்டாம். அரிசி ஈரத்தை உறிஞ்சும், ட்ரஃபிள் காய்ந்து சுருங்கும். கடைசியில் வாசனையான அரிசி மிஞ்சும், ட்ரஃபிள் மிஞ்சாது. ஒவ்வொன்றையும் சமையலறைக் காகிதத்தில் தளர்வாகச் சுற்றி, மூடியுள்ள கண்ணாடிச் சீசாவில் போட்டு, குளிர்பெட்டியில் வையுங்கள். காகிதத்தைத் தினமும் மாற்ற வேண்டும். ஈரம் தேங்கினால் பூஞ்சை பிடிக்கும். வாங்கியதிலிருந்து ஐந்து நாளுக்குள் தீர்த்துவிடுவது உத்தமம், ஒரு வாரம் எல்லை. அதோடு நாளுக்கு நாள் எடையும் குறையும். அதே சீசாவில் நாலு பச்சை முட்டையை ஓட்டோடு வைத்தால், ஓட்டின் நுண்துளை வழியாக வாசனை உள்ளே இறங்கும். இரண்டு நாள் கழித்துப் பொரித்தால் தெரியும்.

மண்ணைக் கழுவ வேண்டாம். சாப்பிடும் நேரத்தில் மட்டும் மெல்லிய தூரிகையால் தேய்த்து, தேவைப்பட்டால் ஈரத்துணியால் ஒரு துடை.

வாங்கும்போது மூக்கைத்தான் நம்ப வேண்டும். தேன், பூண்டு, காய்ந்த வைக்கோல் கலந்த வாசனை வந்தால் நல்லது. அம்மோனியா நெடி அடித்தால் முடிந்துபோன சரக்கு. விரலால் லேசாக அமுக்கினால் கெட்டியாக, ஆனால் கொஞ்சம் இணக்கமாக இருக்கணும். கல் மாதிரி இருந்தால் பழுக்கவில்லை, பஞ்சு மாதிரி இருந்தால் பழசு. குழிகளில் மண் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். புழு குடைந்த ஓட்டையை மறைக்கும், எடையும் கூட்டும், ட்ரஃபிள் விலையில் மண் வாங்கியதாகும். உருண்டையாக மழமழவென்று இருப்பதற்கு விலை கூடும். கரடுமுரடானதும் ருசியில் குறைந்ததில்லை, சீவும்போது கொஞ்சம் வீணாகும், அவ்வளவுதான்.

ஆல்பாவின் மத்தலேனா முற்றத்தில் நடக்கும் ட்ரஃபிள் சந்தையில் ட்ரஃபிளை முகர்ந்து தரம் பார்க்கப் பயிற்சி பெற்ற நடுவர்கள் இருப்பார்கள். வாங்கியதில் சந்தேகம் இருந்தால் அங்கேயே காட்டிக் கேட்கலாம். வீதியில் பையில் வைத்து விற்பவரிடம் அந்த வசதி இல்லை. நூறு கிராம் விலை ஆண்டுக்கு ஆண்டு மாறும், சமீப ஆண்டுகளில் பல நூறு யூரோ. நாலு பேருக்கு 30 கிராம் போதும், பெரிசாக வாங்காதீர்கள்.

ஊருக்குக் கொண்டுபோவதைப் பற்றி: இறங்கும் நாட்டின் சுங்க, தாவரப் பாதுகாப்பு விதியை முதலில் பாருங்கள். பயணத்தில் ஒரு நாள், வீட்டில் இரண்டு நாள் என்று போனாலே பாதி வாசனை போயிருக்கும். ஆல்பாவில் சமையலறையுள்ள வீடு எடுத்து, சனிக்கிழமை வாங்கி அன்றிரவே பொரித்த முட்டை மேல் சீவிச் சாப்பிடுவதுதான் என் சிபாரிசு. சீவியும் அங்கேயே கிடைக்கும், கத்தியால் அவ்வளவு மெல்லிசாக வராது.

திராட்சைக்கொடி

அக்டோபர் கடைசியா நவம்பர் நடுவிலா என்று தேதி இன்னும் முடிவாகவில்லை என்றால் நவம்பர் நடு என்பேன். மண் குளிர்ந்து, மழை இறங்கிய பிறகு வரும் ட்ரஃபிள் நன்கு முதிர்ந்திருக்கும், கூட்டமும் குறையும். கோடை வறண்டுபோன ஆண்டில் அக்டோபர் சரக்கு சிறிசாகவும் விலை அதிகமாகவும் இருக்கும். பருவம் ஜனவரி கடைசி வரை உண்டு, ட்ரஃபிள் சந்தை நடக்கும் ஆல்பா ட்ரஃபிள் கண்காட்சி மட்டும் டிசம்பர் தொடக்கத்தில் முடிந்துவிடும்.

ரயில்பிரியன்

நவம்பரில் வேறு சிக்கல் இருக்கு திராட்சைக்கொடி. மூடுபனி. காலையில் லா மோர்ரா மலை உச்சியில் காட்சி பார்க்கும் முற்றத்தில் நின்றால் பள்ளத்தாக்கே தெரியாத நாட்கள் நிறைய. நெபியோலோ என்ற பெயரே "நெப்பியா", அதாவது மூடுபனியிலிருந்து வந்தது என்பார்கள். கொடிகள் மஞ்சளும் சிவப்புமாக மாறிய மலையைப் பார்க்கணும்னா அக்டோபர் கடைசிதான். சாப்பாட்டுக்காகப் போனால் நவம்பர், கண்ணுக்காகப் போனால் அக்டோபர்.

திராட்சைக்கொடி

நியாயம். அதை நாடோடியே முடிவு செய்யட்டும்.

ஒயின் பற்றி மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். பரோலோவும் பார்பரெஸ்கோவும் ஒரே திராட்சை, நூற்றுக்கு நூறு நெபியோலோ. பரோலோ அறுவடை ஆண்டின் நவம்பர் 1லிருந்து குறைந்தது 38 மாதம் முதிரணும், அதில் 18 மாதம் மரப்பீப்பாயில். பார்பரெஸ்கோவுக்கு 26 மாதம், பீப்பாயில் 9. இரண்டுக்கும் மேல்தட்டு உத்தரவாத முத்திரையான டி.ஓ.சி.ஜி. 1980இல் கிடைத்தது.

கண்ணாடிக் கோப்பையைப் பார்த்து ஏமாற வேண்டாம். நிறம் வெளிறிய செங்கல் சிவப்பு, பார்த்தால் தண்ணீராகத் தெரியும். வாயில் வைத்தால் துவர்ப்பு ஈறு வரைக்கும் பிடிக்கும், கொட்டைப்பாக்கைக் கடித்த மாதிரி. அந்தத் துவர்ப்பு அடங்கத்தான் இத்தனை வருடக் காத்திருப்பு. வெறும் வயிற்றில் குடித்தால் கசப்பாகவே தெரியும். சீஸோ வெண்ணெயோ கூட இருந்தால் துவர்ப்பு இறங்கி, ரோஜா, தார், காய்ந்த செர்ரி வாசனை மேலே வரும்.

லா மோர்ரா, பரோலோ பக்கத்து மண் ஒரு வகை, நீலச்சாம்பல் களிமண் கலந்த சுண்ணாம்பு. அங்கே ஒயின் சீக்கிரம் இளகும். செர்ரலுங்கா, மோன்ஃபோர்த்தே பக்கம் இன்னும் பழைய, மணற்கல் படிவுள்ள மண். அங்கே ஒயின் இறுக்கம், பத்து வருடம் கேட்கும். அதனால் இரண்டே வைனரி என்றால் ஒன்று லா மோர்ராவில், மற்றொன்று செர்ரலுங்காவில் வையுங்கள். ஒரே ஆண்டின் ஒயினை இரண்டு இடத்திலும் கேட்டு வாங்கிக் குடியுங்கள். நாலு இடம் சுற்றுவதைவிட இந்த ஒரு ஒப்பீடு அதிகம் சொல்லித்தரும். பெரிய மரப்பீப்பாயில் வைக்கிறாரா, பாரிக் என்ற 225 லிட்டர் சிறு பீப்பாயில் வைக்கிறாரா என்றும் கேளுங்கள். பாரிக் என்றால் வனிலா, வறுத்த மர வாசனை கூடும்.

பார்பரெஸ்கோவுக்கு முன்பதிவே தேவைப்படாத வழி உண்டு. ஊர் நடுவில் வழிபாடு நின்றுபோன சான் தொனாத்தோ தேவாலயத்தில் வட்டார ஒயின் கூடம் இருக்கிறது, கோப்பைக் கணக்கில் குடித்துப் பார்க்கலாம். எதிரேயே ப்ரொதுத்தோரி தெல் பார்பரெஸ்கோ. 1958இல் ஊர்ப் பாதிரியார் 19 விவசாயிகளைச் சேர்த்துத் தொடங்கிய கூட்டுறவு. தனித்தனித் தோட்டத்தின் பெயரிலேயே பாட்டில் போடுகிறார்கள், அந்தத் தரத்துக்கு விலை மிக நியாயம். பார்பரெஸ்கோ ஊர்க் கோபுரத்துக்கு லிஃப்ட் உண்டு, மேலே நின்றால் தனாரோ ஆறு வளைவது தெரியும்.

அடுப்படி

ஆல்பா ஊரையே யாரும் சொல்லலையே. சனிக்கிழமை வாரச்சந்தை, பழைய நகரம் முழுக்க விரியும். காலை 9 மணிக்குள்ள போயிடுங்க, மதியம் கட்டிடுவாங்க. ரொபியோலா ஆட்டுப்பால் சீஸ், ஹேசல்நட், அந்தப் பருவத்துக் காளான் எல்லாம் அங்கே.

பேராலயம் சான் லொரென்ஸோ முகப்புல நாலு உருவம் துருத்திட்டு நிற்கும்: ஆஞ்சலோ (தேவதூதன்), லியோனே (சிங்கம்), புவே (காளை), ஆக்விலா (கழுகு). நாலு நற்செய்தியாளர்களோட அடையாளம். இத்தாலிய எழுத்தில் முதல் எழுத்துகளைச் சேர்த்தா ஊர் பேர் வரும். நின்னு பார்த்துட்டுப் போங்க, பலபேர் கவனிக்காம சந்தைக்கு ஓடுறாங்க.

காத்து அடிக்கிற திசையைப் பொறுத்துத் தெருவில் கோகோ, வறுத்த கொட்டை வாசனை வரும். ஃபெரேரோ ஆலை அங்கேதான் 1946ல தொடங்கினது. போருக்குப் பின்னாடி கோகோ கிடைக்காத காலம், மலையில கொட்டை நிறைய. ரெண்டையும் கலந்த கட்டிதான் பின்னாடி நுட்டெல்லா ஆச்சு.

சாப்பாட்டு நேரம் கறார். மதியம் 12:30 முதல் 2:30, ராத்திரி 7:30க்கு மேல. மூணு மணிக்குப் போய் நின்னா அடுப்பு அணைஞ்சிருக்கும். கண்காட்சி வாரக்கடைசிக்கு மேசை பல வாரம் முன்னாடியே நிரம்பிடும். பில்லில் "கொப்பெர்த்தோ" என்று ஆளுக்கு இரண்டு மூணு யூரோ இருக்கும். ரொட்டிக்கும் மேசைக்கும் உள்ள கட்டணம், தப்பு இல்லை.

நாடோடி77

மாத்திட்டேன், பாருங்க.
வெள்ளி: மதியம் ரயில், சாயங்காலம் நகரம்.
சனி: காலை வாரச்சந்தை, பிறகு ட்ரஃபிள் சந்தை. 30 கிராம் வாங்கறது, ராத்திரி வீட்டிலேயே முட்டை, தயரின்.
ஞாயிறு: என்.சி.சி. கார். காலை 10க்கு செர்ரலுங்கா, லா மோர்ராவில் மதியச் சாப்பாடு, 3 மணிக்கு அங்கேயே வைனரி, 5 மணிக்கு மேல மலை முற்றத்தில் நின்னு காட்சி.
திங்கள்: கிளம்பறது.

ரயில்பிரியன்

இரண்டு இடத்தில் திருத்தம். அக்டோபர் கடைசி ஞாயிறு அதிகாலை கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னுக்குப் போகும். அன்று சூரியன் ஐந்தரைக்குள் மறைந்துவிடும், 5 மணிக்கு மேல் என்றால் இருட்டில்தான் நிற்பீர்கள். மலை முற்றத்தைச் சாப்பாட்டுக்கு முன் வையுங்கள், மேகம் இல்லாவிட்டால் ஆல்ப்ஸ் பனி வரைக்கும் தெரியும். ஓட்டுநர் வரும் நேரத்தையும் புதுக் கடிகாரக் கணக்கில் உறுதி செய்யுங்கள்.

இரண்டாவது, நவம்பர் 1 இத்தாலியில் பொது விடுமுறை. உங்கள் திங்கள் அதற்கு ஒட்டி விழுந்தால் ஊர் நிரம்பியிருக்கும், ரயில் நேரமும் விடுமுறை அட்டவணைக்கு மாறலாம்.

திராட்சைக்கொடி

ஞாயிற்றுக்கிழமை பல வைனரிகள் பூட்டியிருக்கும், அதனால் காரைப் பேசும் முன் இரண்டு வைனரியிடமிருந்தும் பதில் வாங்கிவிடுங்கள். கிடைக்கவில்லை என்றால் சனியையும் ஞாயிறையும் மாற்றிப் போடலாம். ட்ரஃபிள் சந்தை ஞாயிறும் உண்டு, வாரச்சந்தை மட்டும் போய்விடும்.

பாட்டில் வாங்கினால் விமானத்தில் ஒப்படைக்கும் பெட்டியில்தான் போகணும், கைப்பையில் விடமாட்டார்கள். துணிக்கு நடுவில், பெட்டியின் ஓரத்தில் படாமல் வையுங்கள். வீட்டில் வந்ததும் திறக்காமல் ஒரு வாரமாவது படுக்கவைத்து விடுங்கள். குடிக்கும் நாளில், இளசான பரோலோ என்றால் இரண்டு மணி நேரம் முன்பே அகலமான குடுவைக்கு மாற்றி, 18 டிகிரி வாக்கில் ஊற்றுங்கள். அறை வெப்பம் 30 இருக்கும் ஊரில் பாட்டிலை அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்து எடுத்த பிறகு.